புள்ளியில்லாப் பட்டம்

சுப்பராயன் உயர்தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு எல்லாம் இருந்தது. ஒரகடத்திலிருந்து சேரப்பணஞ்சேரி போகிற வழியில் பரந்த இடம் இருந்தது. கண்ணாடி பதித்த கட்டடம் இருந்தது. உள்ளே போனால் மார்கழிபோல் குளிர் இருந்தது. வாசலில் வேந்தர் சுப்பராயனுடைய ஆளுயரப் படம் இருந்தது. வரலாறு மட்டும் இல்லை. ஆரம்பித்தே பதின்மூன்று வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் அந்த இடத்தில் வேந்தரின் லாரிகள் நின்றுகொண்டிருந்தன. லாரி ஷெட்டுக்கும் வரலாறு உண்டுதான், ஆனால் அதைக் கையேட்டில் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

வேந்தர் தன் மகளின் பட்டமளிப்புக்கு வெளிநாடு போய்வந்ததில் ஆரம்பித்தது வினை. அந்தப் பல்கலைக்கழகத்தில் ஓர் அறையைக் காட்டினார்களாம். தோல் ஏப்ரன் கட்டிய பேராசிரியர்கள் கையால் எழுத்துக் கோத்து, கையால் அச்சடித்து, கையாலேயே தைத்துப் புத்தகம் போடுகிறார்களாம். இருநூறு வருஷமாக அப்படித்தானாம். அங்கே அடித்துக் கொடுத்த ஓர் அட்டையைச் சட்டைப் பையில் பத்திரமாகக் கொண்டுவந்து, துறைத்தலைவர்கள் கூட்டத்தில் மேஜைமேல் வைத்தார்.

"தடவிப் பாருங்க. எழுத்து பள்ளமா கீது பாரு. நம்ம யுனிவர்சிட்டில எந்தப் பேப்பர்லயாவது பள்ளம் கீதா?"

எல்லாத் துறைத்தலைவர்களும் வரிசையாகத் தடவிப் பார்த்தார்கள். இத்தனை காலம் பள்ளமே இல்லாமல் எப்படிப் பாடம் நடத்தினோம் என்று அவர்களுக்கே வெட்கமாகிவிட்டது.

பதிவாளர் கோமதிநாயகத்துக்கு அன்று மாலையே சுகப்பிரியாவின் ஞாபகம் வந்தது. அவள் காட்சித் தொடர்பியல் துறையில் ஒப்பந்த ஆசிரியை. தென்காசிப் பக்கத்துப் பெண். தமிழ் அச்சு வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கியிருந்தாள். அந்தப் பட்டத்தால் அதுவரை யாருக்கும் எந்தத் தொந்தரவும் நேர்ந்ததில்லை. பதினோரு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். புதுப்பிக்கும்போதெல்லாம் கோமதிநாயகம், "அடுத்த தடவ நிரந்தரம்தான்" என்பார். அவரும் அந்தப் பக்கத்து ஊர்க்காரர் என்பதால் அவர் சொல்லும்போது கொஞ்சம் உண்மைபோலக் கேட்கும்.

"ஏம்மா, அச்சுக்கலை, நூற்கலை மையம்னு ஒண்ணு ஆரம்பிக்கோம். நீதான் ஒருங்கிணைப்பாளர். நம்ம யுனிவர்சிட்டியோட அச்சு வரலாற்ற ஒரு சின்ன நூலா எழுதிரு."

"நமக்கு அச்சு வரலாறு கிடையாதே சார்."

"அதனாலதான உன்ன எழுதச் சொல்லுதேன். இருந்தா நானே எழுதிருவேன். ஜனவரியில தரமதிப்பீட்டுக் குழு வருது. மார்க் நல்லா வந்துச்சுன்னா உனக்கு நிரந்தரம்."

முதலில் ஓர் அச்சு மிஷின் வேண்டும் என்றாள் சுகப்பிரியா. அதற்குச் சம்மதம் கிடைத்தது. விசாரித்துக்கொண்டு போனதில், ரொம்ப தூரம் அலைய வேண்டியிருக்கவில்லை. மிஷின் பக்கத்துத் தெருவில்தான் இருந்தது. கங்கம்மாள் என்பவரின் அட்டைப்பெட்டி ஷெட்டில், காலால் மிதித்து ஓட்டும் பழைய டிரெடில் அச்சு மிஷின் ஒன்று படக் படக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. கார் கம்பெனிக்குப் போகும் போல்ட் பெட்டிகளுக்கு அதுதான் மடிப்புக்கோடு போடுகிறது. அச்சுத்தொழில் எப்போது முடிவுக்கு வந்தது என்று தன் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமே எழுதியிருந்தவள் சுகப்பிரியா. அந்த அத்தியாயம் மூன்றாவது ஷிப்டுக்கும் ஓடும் என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

"இது வேலை செய்யுற மிஷினும்மா," என்றார் கங்கம்மாள். "காட்சிக்கு வைக்கிறதுன்னா செத்த மிஷினா பாத்து வாங்கிக்கோயேன். இத்த இன்னாத்துக்கு கெடுக்கிற?"

"ஓட்டணும்மா. புத்தகம் போடணும்."

"புக்கா?" அவர் சிரித்த சிரிப்பில் பெட்டி மடித்துக்கொண்டிருந்த பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். விலை பேசி முடித்த பிறகு, மூலையில் கிடந்த சாக்கு மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். உள்ளே ஈய எழுத்துகள். "மிஷினோட வந்தது. பொட்டிக்கு அளவுதான் வேணும், எழுத்து எனக்கு எதுக்கு?"

கிரேனில் வந்து இறங்கிய மிஷின், மையத்தின் புது டைல்ஸில் நான்கை உடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. அதன் பக்கவாட்டில் 1974 என்று வார்த்திருந்தது. மறுநாள் காலை சுகப்பிரியா வந்தபோது அறை வாசலில் பித்தளைப் பலகை தொங்கியது: அச்சுக்கலை, நூற்கலை மையம், 1974 முதல்.

"சார், அப்ப நம்ம வேந்தரே பள்ளிக்கூடத்துப் பையன்."

"மிஷின் நம்மளது, அதோட வயசும் நம்மளது," என்றார் கோமதிநாயகம். "பழைய வீட்ட வாங்குனா பட்டா நம்ம பேருக்கு மாறும்லா? அது மாதிரி வச்சுக்க."

சாக்கு எழுத்துகளைப் பிரித்து, எழுத்துக்கொரு அறை வைத்த பெட்டிகளில் அடுக்கவே கார்த்திகை முழுக்கப் போயிற்று. புத்தகத்தில் படித்தே தெரிந்துகொண்ட வேலையை அவள் விரல்கள் மெல்லக் கற்றன. எழுத்தைத் தலைகீழாகக் கோத்து, கட்டி, மை தடவி, கால் மிதித்து, தாளை நுழைத்து, விரல் நசுங்குவதற்குள் எடுக்க வேண்டும். முதல் தாளில் அவள் பெயரே வந்தது, பாதி மையில். யாரும் பார்க்காதபோது அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். இத்தனை பொய்க்கு நடுவில் இந்த ஒன்றாவது நிஜமாக நடக்கிறதே என்று இருந்தது.

சுங்குவார்சத்திரத்தில் அவளோடு அறையில் இருந்த தங்கமாரிக்கு அந்தச் சந்தோஷம் புரியவில்லை. தங்கமாரிக்கு ஊர் கோவில்பட்டிப் பக்கம், வேலை போன் கம்பெனியில். நகத்தில் தூசி இருந்தாலே லைனுக்குள் விடமாட்டார்கள். "ஏட்டி, டாக்டர் பட்டம் வாங்குனவ கையா இது? எங்க சூப்பர்வைசர் பாத்தாம்னா கேட்டுலயே நிறுத்திருவான்," என்று தன் சோப்பை எடுத்துக் கொடுத்தாள்.

தை பிறந்ததும் குழு வந்தது. வரவேற்பு மடலை அந்த மிஷினிலேயே அடித்து, குழுவின் கையில் சூடாகக் கொடுக்க வேண்டும் என்பது வேந்தரின் கட்டளை. முதல்நாள் மாலைதான் சுகப்பிரியா முழு மடலையும் கோத்து ஒரு தாள் எடுத்தாள். எடுத்து விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். சாக்கில் கிடந்து உரசியதில் முக்கால்வாசி மெய்யெழுத்துகளுக்குத் தலைமேல் இருந்த புள்ளி உடைந்துபோயிருந்தது. பழைய மை அப்பியிருந்ததில், பிரிக்கும்போது அது கண்ணில் படவில்லை. வேந்தர் சுப்பராயன் என்று கோத்திருந்தாள். வேநதர சுபபராயன என்று வந்திருந்தது.

கோமதிநாயகத்திடம் ஓடினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளைத் தூரப்பிடித்துப் பார்த்தார்.

"ஓலைச்சுவடியில புள்ளி உண்டா?"

"பெரும்பாலும் கிடையாது சார்."

"முடிஞ்சுபோச்சு. இது சுவடி மரபு. நம்ம மையத்தோட தனிப் பாணி. நீ பாட்டுக்கு அடி."

"சார், சுவடியில ஓலை கிழியும்னு புள்ளி வைக்கல. நம்ம பேப்பர்..."

"பேப்பரும் கிழியும்மா. போ, அடி."

மறுநாள் குழுத்தலைவர் மடலை வாங்கினார். எங்கோ தமிழ்த்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒருமுறை படித்தார், நெற்றியைச் சுருக்கினார், இன்னொருமுறை படித்தார். கோமதிநாயகம் நேரம் பார்த்து, "சுவடி மரபு ஐயா," என்று மெல்ல எடுத்துக்கொடுத்தார். அவ்வளவுதான். கண் கலங்கிவிட்டது குழுத்தலைவருக்கு. "புள்ளியைத் துறந்த எழுத்து!" என்றார். பக்கத்தில் நின்ற வேந்தர், தான் எதையோ துறந்திருக்கிறோம் என்று புரிந்துகொண்டு கையெடுத்துக் கும்பிட்டார். குழுவின் அறிக்கையில் மையத்துக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம் கிடைத்தது. பல்கலைக்கழகத்துக்கு அதுவரை எட்டாத தரமும் கிடைத்தது. சுகப்பிரியாவுக்கு நிரந்தர ஆணை மட்டும் கிடைக்கவில்லை. "கோப்பு நகருது," என்றார் கோமதிநாயகம்.

கோப்பு எந்தப் பக்கம் நகர்ந்ததோ, வேறோர் உத்தரவு நேராக அவளிடம் வந்துசேர்ந்தது. இந்த வருஷம் இயந்திரவியல் துறையின் பட்டச் சான்றிதழ்கள் தமிழில் மட்டும், அதுவும் மையத்தின் தனிப் பாணியில் அச்சாகும் என்று. ஒரே சீராக இருக்க வேண்டும் என்பதால், புள்ளி மிச்சமிருக்கும் எழுத்துகளிலும் அதை அரத்தால் தேய்த்துவிட வேண்டும்.

"சார், தேய்ச்சிட்டா அப்புறம் புள்ளி வேணும்னா எங்க போறது?"

"எதுக்கு வேணும்? பாணின்னா பாணிதான்."

இயந்திரவியல் பட்டறையில் நான்கு வருஷம் அரத்தைத் தொடாமல் பாஸான மாணவர்கள், கடைசிப் பருவத்தில் முதன்முறையாக அரம் பிடித்தார்கள். தமிழ் மெய்யெழுத்துகளின் புள்ளியை உட்கார்ந்து தேய்த்தார்கள். அதைச் செய்முறைப் பயிற்சி என்று வருகைப்பதிவில் சேர்த்தார்கள். சுகப்பிரியா மறுத்திருக்கலாம். மறுத்தால் ஒப்பந்தம் சித்திரையோடு முடியும். அம்மாவிடம் நிரந்தரம் ஆகப்போகிறது என்று தீபாவளிக்கே சொல்லியாயிற்று. அவளும் ஓர் அரத்தை எடுத்துக்கொண்டாள்.

பட்டமளிப்பு அமோகமாக நடந்தது. வந்த பெற்றோர்களை வேந்தர் மேடையிலிருந்தே சான்றிதழைத் தடவிப் பார்க்கச் சொன்னார். எல்லோரும் தடவினார்கள். படித்துப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

அடுத்த மாதம் பிரவீன் வந்து நின்றான். சேரப்பணஞ்சேரிப் பையன். மறைமலை நகரில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் தேர்வாகி, சேருவதற்காகச் சான்றிதழைக் கொண்டுபோயிருந்தான். அதைத் திருப்பிக் கையில் கொடுத்துவிட்டார்களாம்.

"போலின்றாங்க மேம். பேர்ல மிஸ்டேக், டிகிரில மிஸ்டேக், யுனிவர்சிட்டி பேர்லயே மிஸ்டேக். ஒரு தப்பு இருந்தா டைப்பிங், இத்தினி தப்பு இருந்தா டூப்ளிகேட்டாம்."

"நீ சொல்லலியா, இது ஒரு பாணின்னு?"

"சொன்னேன் மேம். எந்த ஏஜென்டுகிட்ட வாங்கினேன்னு கேட்டாங்க."

அவன் சான்றிதழை மேஜைமேல் விரித்தான். தந்தை பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தான். மண்ணாங்கட்டி என்பது மணணாஙகடடி என்று பள்ளம் பள்ளமாகப் பதிந்திருந்தது.

"எங்கப்பா பேரை ஒழுங்கா எழுதினாலே சிரிப்பாங்க மேம். ஸ்கூல்ல இருந்து பழகிடுச்சு. இப்ப அவங்களுக்கு சிரிக்கக்கூட வரல. படிக்கவே முடியல."

அந்தப் பெயரைக் கோத்தது அவள்தான். அந்த 'ட்'டின் புள்ளியைத் தேய்த்ததும் அவளாக இருக்கலாம். சுகப்பிரியா எழுந்து பையை மாட்டினாள். அவன் பைக்கிலேயே இருவரும் மறைமலை நகருக்குப் போனார்கள்.

மனிதவள அதிகாரி மரியாதையானவர். சுவடி மரபை முழுக்கக் கேட்டார். இடையில் ஒருமுறை தண்ணீர்கூடக் கொடுத்தார்.

"எல்லாம் சரிங்க மேடம். உங்க யுனிவர்சிட்டி சம்பளம் போடுற ரசீதுல புள்ளி வைக்கிறாங்களா?"

"வைக்கிறாங்க."

"அப்ப பையன் சர்டிபிகேட்லயும் வச்சுக் குடுக்கச் சொல்லுங்க. பேனால வச்சு எடுத்துட்டு வராதீங்க. கையால திருத்தினது செல்லாது. வர்ற திங்கக்கெழம வரைக்கும் எடத்த வச்சிருக்கேன்."

திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னபோது, பிரவீன் முதல் ஆள் இல்லை என்பது தெரிந்தது. ஏழெட்டுக் கம்பெனிகளிலிருந்து கடிதம் வந்து பதிவாளரின் அலமாரியில் மரபுபோல் அமைதியாக இருந்தது. வேந்தரின் அறையில் கூட்டம் கூடியது. பழையபடி கம்ப்யூட்டரில் அச்சடித்துக் கொடுத்துவிடலாம் என்றாள் சுகப்பிரியா.

"அது எப்படிம்மா?" வேந்தருக்கு நிஜமாகவே வருத்தம். "பேப்பர்ல எல்லாம் வந்துட்ச்சு. புள்ளிய துறந்தோம்னு நானே பேட்டி குடுத்துருக்கேன். இப்ப போய் வாபஸ் வாங்கினா நாலு பேர் இன்னா சொல்வான்?"

"பசங்களுக்கு வேலை போகுது சார்."

"வேலை போவக் கூடாது, மரபும் போவக் கூடாது. எதுனா வழி சொல்லுங்க பதிவாளர் சார்."

கோமதிநாயகம் வழி சொன்னார். மறுநாள் காலை வகுப்புகள் ரத்தாகின. குளிரூட்டிய கலையரங்கில் நீள மேஜைகள் போட்டு, திரும்ப வாங்கிய சான்றிதழ்களை அடுக்கி, ஆளுக்கொரு கறுப்பு ஜெல் பேனாவை ஆசிரியர்களிடம் கொடுத்தார்கள். மேடையில் பேனர்: நூற்கலைப் பயிற்சி முகாம். முனைவர் பட்டம் பெற்ற ஐம்பது அறுபது பேர் குனிந்து உட்கார்ந்து புள்ளி வைக்க ஆரம்பித்தார்கள்.

புள்ளி வைப்பது எளிது என்று நினைப்பவர்கள் அன்று அங்கே வந்திருக்க வேண்டும். பாதிப் பேருக்குத் தமிழில் எழுதிப் பல வருஷம் ஆகியிருந்தது. கணிதத்துறைத் தலைவர் சந்தேகத்துக்கு இடமான எல்லா எழுத்துக்கும் வைத்தார். மேலாண்மைத்துறையில் ஒருவர் அழகாக இருக்கும் இடத்தில் மட்டும் வைத்தார். இயந்திரவியல் பேராசிரியர் ஒருவர் ஸ்கேல் வைத்து, எல்லாப் புள்ளியும் ஒரே உயரத்தில் இருக்கும்படி வைத்தார். பிரவீனின் சான்றிதழ் யார் கைக்குப் போனதோ, பிர்வீன் என்று எழுந்து வந்தது.

சுகப்பிரியா அதை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனாள்.

"சார், கையால திருத்துனா செல்லாதுன்னு அவங்க தெளிவா சொல்லியிருக்காங்க."

"இது திருத்தம் இல்லம்மா. அலங்காரம்."

"திங்கள்கிழமை தாண்டுனா இந்தப் பையனுக்கு வேலை போச்சு சார்."

"உன் கோப்பு நகருற நேரத்துல நீ ஏம்மா குறுக்க நிக்க?"

ஒரு வருஷமாக அந்த வார்த்தைக்குத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள். இப்போது கேட்டபோது பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் பசித்தது, அவ்வளவுதான். காலையில் சாப்பிடாமல் வந்திருந்தாள்.

"நகரட்டும் சார்," என்று சொல்லிவிட்டு இறங்கி, நேராகத் தேர்வுத்துறை அலுவலகத்துக்குப் போனாள். அங்கே எல்லோரும் புள்ளி வைக்கப் போயிருந்ததால் கேட்க ஆளில்லை. போன வருஷத்துச் சான்றிதழின் மாதிரி கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தது. பிரவீன் பெயரையும் மண்ணாங்கட்டி பெயரையும் முழுதாகத் தட்டச்சு செய்தாள். பல்கலைக்கழக முத்திரை பதித்த தாளை வைத்துப் பொத்தானை அழுத்தினாள். டீ ஆறுவதற்குள் சான்றிதழ் வெளியே வந்து விழுந்தது. தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது.

அதைக் கொண்டுபோய்க் கோமதிநாயகத்தின் முன் வைத்து, பேனாவையும் நீட்டினாள். அவர் அரங்கை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். முதல் வரிசையில் ஒருவர் கவனமில்லாமல் 'வேந்தர்' என்பதில் மூன்று புள்ளி வைத்துவிட்டு, நகத்தால் ஒன்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கோமதிநாயகம் பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"யார்கிட்டயும் சொல்லாத."

சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிரவீன் வாசலில் நின்று வகுப்புக் குழுவுக்குப் படம் எடுத்து அனுப்பிவிட்டான். சாயங்காலத்துக்குள் தேர்வுத்துறை வாசலில் வரிசை கேட் வரைக்கும் நின்றது. வல்லத்திலிருந்தும் ஸ்ரீபெரும்புதூரிலிருந்தும் ஷிப்ட் முடித்து யூனிபார்மோடு வந்திருந்தார்கள். கோமதிநாயகம் கை வலிக்கக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது வேந்தரின் கார் வந்து நின்றது.

"இன்னா சார் இது கூட்டம்?"

கோமதிநாயகம் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இரண்டாம் பதிப்பு சார்."

"இன்னாது?"

"நல்ல நூல்னா மறுபதிப்பு போடணும்லா சார். முதல் பதிப்பு அபூர்வமாப் போயிரும். மையத்துல கண்ணாடிப் பெட்டி வச்சு, அதைப் பாதுகாப்போம்."

வேந்தர் யோசித்தார். முகம் மெல்ல மலர்ந்தது. "ஒரே மாசத்துல ரெண்டாம் பதிப்பா? பரவால்லியே!" என்று சொல்லிவிட்டு, வரிசையில் நின்ற பையன்களுக்கு எல்லாம் டீ வாங்கிக் கொடுக்கச் சொன்னார்.

பிரவீன் அந்தத் திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தான். ஜெல் பேனாப் புள்ளிகளோடு முதல் பதிப்பு கண்ணாடிப் பெட்டிக்குப் போனது. வருகிற விருந்தினர்கள் அந்தப் புள்ளிகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, கையால் வைத்ததா என்று வியக்கிறார்கள். வேந்தர் அதற்குப் பிறகு ஒரு விவசாயக் கண்காட்சியில் டிரோன் பறப்பதைப் பார்த்துவிட்டார். மையத்தின் பக்கம் வருவது குறைந்துபோனது.

சுகப்பிரியாவுக்கு நிரந்தர ஆணை ஆடி மாதம் வந்தது. ஏன் வந்தது என்று கோமதிநாயகத்துக்கே சரியாகத் தெரியவில்லை. மறுபதிப்புத் திட்டத்தை வடிவமைத்ததற்காக என்று கோப்பில் எழுதியிருந்தார்கள். தங்கமாரிக்கு அன்று வாரவிடுமுறை. இருவரும் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் பிரியாணி சாப்பிட்டார்கள். "எங்க அம்மாட்ட போன்ல சொன்னேன், ஒனக்கு கவர்மென்ட் வேலை கெடச்ச மாதிரி அழுதா," என்றாள் தங்கமாரி. சுகப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிரியாணியில் காரம் அதிகம் என்று சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் ஆணையில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பதிவாளரிடம் ஒன்று கேட்டாள். புது எழுத்து வேண்டும், முழு எழுத்து. தேய்த்துவிட்டதை வைத்துக்கொண்டு வகுப்பு நடத்த முடியாது.

"தனிப் பாணின்னு அறிக்கையில இருக்கேம்மா."

"அறிக்கை பாட்டுக்கு இருக்கட்டும் சார். எனக்கு எழுத்து வேணும்."

கோமதிநாயகம் கொள்முதல் தாளில் 'உதிரிபாகம்' என்று எழுதி அனுப்பினார். உதிரிபாகம் என்று எழுதினால் ஒரகடத்தில் எந்தக் கணக்கரும் கேள்வி கேட்பதில்லை.

எழுத்து வார்ப்பவர் ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்ததில், புரட்டாசியில் புது எழுத்துகள் வந்தன. பளபளவென்று, கையில் எடுத்தால் கனமாக. முதல் வகுப்புக்கு எட்டுப் பேர் வந்தார்கள். உங்கள் பெயரைக் கோத்துப் பாருங்கள் என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, ஒரு பெண் பெட்டி ஒன்றை அரைகுறையாக இழுக்க, அத்தனையும் தரையில் கொட்டியது. ஓசை அடங்க வெகுநேரம் ஆயிற்று. அந்தப் பெண் அழுதுவிடுவாள்போல் நின்றாள்.

சுகப்பிரியா துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மற்றவர்களும் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, இது 'ண்'ணா 'ன்'னா என்று சண்டை போட்டுக்கொண்டு, அதனதன் அறையில் போட ஆரம்பித்தார்கள். அன்றைய வகுப்பு முழுக்க அதுவே ஆனது.